பையனுக்குத் தனிச் சமையல் வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 132 செ.மீ., எடை 39 கிலோ. திருப்பூரில் இருக்கிறோம். கணவருக்கு பனியன் கம்பெனியில் வேலை, வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். நானும் வேலைக்குப் போவதால் பிள்ளைகளை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். பள்ளியில் ‘குண்டு’ என்று கூப்பிடுகிறார்கள் என்று பையன் அழுகிறான். இரண்டு மாதமாக இரவில் அவனுக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி கொடுக்கிறேன். போன வாரம் அவன் தலையணை உறைக்குள் பிஸ்கட் கவர்கள் கிடந்தன. கோபத்தில் அடித்துவிட்டேன். அத்தையோ, “வளர்ற புள்ளையப் பட்டினி போடாதே” என்கிறார். 5 வயது மகள் ஒல்லி, அவளுக்கு நெய்யும் இனிப்பும் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பையனின் கழுத்து கருத்துப்போயிருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தைராய்டாக இருக்குமா? எத்தனை கிலோ குறைக்க வேண்டும்? ஒரு டயட் சார்ட் கொடுங்கள். அடுத்த மாதம் அவனுக்குப் பிறந்தநாள், கேக் வாங்கலாமா? அவன் ஒரு நாளில் சாப்பிடுவதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

தலையணை உறைக்குள் கிடந்த அந்தக் கவர்களில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது 39 கிலோ என்ற எண் இல்லை, அந்தக் கவர்கள்தான்.

வீட்டில் எல்லோரும் தோசை வார்த்துச் சாப்பிடுகிறார்கள். கல்லில் எண்ணெய் விடும் சத்தம் கேட்கிறது, சட்னி தாளிக்கும் வாசனை வருகிறது. தங்கச்சி தட்டில் நெய் தோசை. அவன் முன்னால் மட்டும் ஓட்ஸ் கஞ்சி. ஒன்பது வயதுப் பையனுக்கு இதில் என்ன புரியும்? ‘நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன், அதனால் எனக்கு மட்டும் இது’ என்றுதான் புரியும். அப்புறம் பசியும் அடங்காது, மனசும் அடங்காது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு டப்பாவைத் திறப்பான். அவனைத் திருடன் ஆக்கியது அந்தத் தனித் தட்டு. அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிறு குழந்தைகளை வைத்து இதைச் சோதித்து 1999-ல் எழுதினார்கள். ஒரு தின்பண்டத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டு எடுக்கக் கூடாது என்று தடுத்தால், குழந்தையின் நினைப்பெல்லாம் அதன் மேலேயே போகிறது. தடையை விலக்கியதும் அதைத்தான் தேடி எடுக்கிறது.

அதனால் இன்று இரவில் இருந்தே ஓட்ஸ் கஞ்சியை நிறுத்திவிடுங்கள். அடித்ததற்கு அவனிடம், “அம்மா அன்னைக்கு அடிச்சது தப்பு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பள்ளியில் கூப்பிடும் அந்தச் சொல்லை வீட்டில் யாருமே, செல்லத்துக்குக்கூட, சொல்ல வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டும் வாருங்கள். ‘பசங்க அப்படித்தான் பேசுவாங்க’ என்று விட்டுவிடாதீர்கள்.

எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோகூடக் குறைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. இப்போது அவனுக்கு 22.4. பெரியவர்களுக்கு இது சாதாரண எண். குழந்தைகளுக்கு வயதுக்கு வயது கோடு மாறும். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி. 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, 9 வயதுப் பையனுக்கு 22.4 என்பது உடல் பருமன் கோட்டைத் தாண்டிய எண். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வார்கள். எடை இதே 39-ல் நின்று, அடுத்த வருடம் அவன் 138 செ.மீ. ஆனால் எண் 20.5-க்கு வந்துவிடும். அதற்கும் அடுத்த வருடம் 143-ஐத் தாண்டும்போது 19-க்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு கிலோகூட இளைக்காமல், பட்டினி கிடக்காமல் நடக்கிற காரியம் இது. எடை ஏறுவது நிற்க வேண்டும், இல்லை மெதுவாக வேண்டும், அவ்வளவுதான். இதற்கு இரண்டு வருடம் ஆகும். அந்தப் பொறுமை வேண்டும்.

கழுத்துக் கருப்பைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு அம்மா, மகளின் கழுத்தை மூன்று மாதம் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்திருந்தார். கடலை மாவு, எலுமிச்சை, கடையில் விற்கும் கிரீம் என எல்லாம் பார்த்தாயிற்று. அந்தப் பிள்ளையின் தலைமுடியைத் தூக்கிப் பார்த்தால் பின்கழுத்து மடிப்பில் தோல் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கருத்திருந்தது. தேய்த்த இடத்தில் சிராய்ப்பு. பிள்ளை என் கையைத் தட்டிவிட்டது. அவ்வளவு வலி பட்டிருக்கிறது. அது அழுக்கே கிடையாது. உடம்பில் சுரக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அந்த மிகுதி தோலில் காட்டும் அடையாளமே இந்தக் கருப்பு. அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். சாப்பாடும் விளையாட்டும் சரியாகி எடை ஒழுங்குக்கு வந்தால் அது தானாக மங்கும்.

ஆனால் இந்த அடையாளம் இருப்பதால் குழந்தை மருத்துவரை இந்த மாதமே பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்வார். அவன் தூங்கும்போது குறட்டை விடுகிறானா, அடிக்கடி தண்ணீர் தாகம் எடுக்கிறதா, இரவில் சிறுநீர் போக எழுகிறானா என்று கவனித்து வைத்து அவரிடம் சொல்லுங்கள். தைராய்டு என்று பலரும் நினைக்கிறார்கள். தைராய்டு குறைவால் எடை ஏறும் குழந்தை பெரும்பாலும் உயரம் வளராமல் தேங்கிவிடும். உங்கள் பையனுக்கு வயதுக்கேற்ற உயரம் இருக்கிறது. அதனால் அந்த வாய்ப்பு குறைவு. தேவை என்றால் மருத்துவர் அதையும் பார்த்துவிடுவார்.

சரி, டயட் சார்ட்டுக்கு வருவோம். உங்கள் தாளை மூன்று முறை படித்தேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார். மதியம் டப்பாவில் தக்காளிச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். இதில் எதுவும் பெரிய குற்றம் கிடையாது. மதிய டப்பாவில் உருளைக்குப் பதில் வாரத்தில் நான்கு நாள் பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் பொரியலோ ஒரு முட்டையோ போகட்டும், அது போதும். பள்ளிவேன் வந்து நிற்கும் நாலேகாலில் இருந்து அப்பா வரும் ஒன்பதரை வரைக்கும் உள்ள ஐந்து மணி நேரத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

வந்ததும் பால். அதில் இரண்டு ஸ்பூன் சத்து பவுடர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கூடவே நாலு பிஸ்கட். டியூஷன் போகும் வழியில் பேக்கரியில் ஒரு பப்ஸ், சில நாள் ஒரு பாட்டில் கூல் டிரிங்ஸ். ஏழரைக்கு டி.வி. முன்னால் மிக்சர். ஒன்பதரைக்கு நீங்கள் கொடுக்கும் கஞ்சி, அதற்கு முன்பென்றால் நாலு தோசை. படுக்கும்போது மறுபடி பால், மறுபடி பவுடர், மறுபடி சர்க்கரை.

7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவை சுமார் 1,700 கலோரி. தனியாகச் சேர்க்கும் சர்க்கரை அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, இருபதில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராமில் சொன்னால் 42-க்கு மேல் கூடாது, 21-க்குள் இருந்தால் நல்லது. இரண்டு வேளைப் பாலில் நீங்கள் போடும் நாலு ஸ்பூனே 20 கிராம். பவுடரில் இருக்கும் சர்க்கரையை இன்னும் நான் கணக்கில் எடுக்கவில்லை. கூல் டிரிங்ஸ் குடித்த நாளில் கால் லிட்டருக்கு இன்னொரு 25 கிராமுக்கு மேல். பிஸ்கட்டில் இருப்பது தனி. அந்தப் பவுடர் டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற ஒன்றுக்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் விற்பனைத் தளங்களிடம் இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பில் இருந்து எடுக்கச் சொன்னது இதனால்தான். பால் நல்லது. பாலைப் பாலாகவே கொடுங்கள். சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தினால் டம்ளரைத் தள்ளிவிடுவான். இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் அரை என்று இறக்குங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். ஏலக்காயோ சுக்கோ தட்டிப் போட்டால் இனிப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. ஜூஸுக்குப் பதில் பழமாகவே சாப்பிடட்டும். நாட்டுச்சர்க்கரைக்கு மாறினால் போதும் என்று நினைக்க வேண்டாம், கணக்கில் அதுவும் சர்க்கரைதான்.

நாலேகாலுக்கு அவன் வரும்போது நிஜமாகவே பசியோடு வருகிறான். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை. அந்த நேரத்தில் வயிறு நிறைகிற மாதிரி ஒன்று கொடுத்தால் பேக்கரி வாசலில் கால் நிற்காது. அத்தை கையில் இல்லாத பலகாரமா? தட்டப்பயறு சுண்டல், அவித்த நிலக்கடலை, பச்சைப்பயறு, மக்காச்சோளம், ஒரு நாள் ராகி அடை, ஒரு நாள் சந்தகையில் கொஞ்சமாகத் தேங்காய் போட்டது. கூட ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ. பயறை வெறுமனே தட்டில் போட்டால் தின்னாதவன்கூட வெங்காயம், மாங்காய், கொத்தமல்லி தூவி ஒரு கிண்ணத்தில் ஸ்பூனோடு கொடுத்தால் தின்பான். தின்றுவிட்டு விளையாடப் போகட்டும்.

கொள்ளுத் தண்ணீர் கொடுக்கலாமா என்று அடுத்து யாராவது உங்களிடம் சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் ஊரில் சொல்வார்கள். கொள்ளு நல்ல பருப்பு, புரதமும் நார்ச்சத்தும் உள்ளது. கொள்ளுப் பருப்பு கடைந்து வாரம் இரண்டு நாள் வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள். ஆனால் கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று அவனுக்கு மட்டும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்காதீர்கள். மறுபடி அது ஓட்ஸ் கஞ்சிக் கதையாகிவிடும்.

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். அப்பா வரும் வரை எல்லோரும் காத்திருப்பது பாசம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காத்திருப்பு நேரம் முழுக்க மிக்சராலும் பிஸ்கட்டாலும் நிரம்புகிறது. அதன் மேல் ஒரு முழுச் சாப்பாடு, உடனே படுக்கை. பிள்ளைகளும் அத்தையும் நீங்களும் ஏழரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே சமையல். தோசை என்றால் எல்லோருக்கும் தோசை. கல்லில் எண்ணெயை ஊற்றாமல் துணியில் தொட்டுத் தடவுங்கள். சட்னியோடு ஒரு கிண்ணம் சாம்பாரோ பாசிப்பருப்புக் கடைசலோ இருக்கட்டும், அதில் காய் தெரியட்டும். அரிசியும் பருப்பும் சாதம் என்றால் பக்கத்தில் ஒரு பெரிய கரண்டி காய். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டிருக்கும் தட்டுப் படத்தில் பாதி இடம் காய்கறிக்கும் பழத்துக்கும்தான். நம் வீடுகளில் பொரியல் ஊறுகாய் அளவுக்குத்தான் தட்டில் இருக்கிறது.

குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது போய்விடுமே என்று தோன்றும். அதைக் காலைக்கு மாற்றுங்கள். காலையில் உங்கள் கணவர் வீட்டில்தானே இருக்கிறார்? ஏழேகாலுக்கு ஐந்து பேரும் ஒன்றாகத் தரையில் உட்காருங்கள், இருபது நிமிடம், போனும் டி.வி.யும் இல்லாமல். அப்பா கீரையைத் தொட்டுச் சாப்பிடுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும். அவர் தட்டில் காயை ஒதுக்கினால், நீங்கள் ஆயிரம் சொன்னாலும் அவன் ஒதுக்கத்தான் செய்வான்.

இங்கே உங்களைப் பற்றியும் கணவரைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் இருவரின் எடையை நீங்கள் எழுதவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேரும், அதே வயது ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருந்தார்கள். ஒரே சட்டிச் சாப்பாடு சாப்பிடும் வீட்டில் பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் பார்த்து என்ன பயன்? மாதம் எவ்வளவு எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஆளுக்கு அரை லிட்டர் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. உங்கள் ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். ஐந்து லிட்டர் கேன் மாதக் கடைசியில் காலியாகிறது என்றால், அது பையனால் மட்டும் காலியாகவில்லை.

மகளுக்கும் இதே சாப்பாடுதான். ஒல்லியாக இருக்கிறாள் என்று இனிப்பு கொடுத்துச் சதை போட வைக்க முடியாது, அவள் பசிதான் கெடும். அவளுடைய உயரமும் எடையும் அட்டவணைக்குள் இருந்தால் அவள் உடல்வாகு அப்படி, விட்டுவிடுங்கள். முட்டை, பால், பருப்பு, நிலக்கடலை இரண்டு பேருக்கும் பொது. நெய் ஆளுக்கு ஒரு சின்ன ஸ்பூன், சோற்றில், இரண்டு பேருக்கும்.

அத்தையிடம் சண்டை வேண்டாம். வயிறு நிறையச் சோறு போடுவதுதான் பாசம் என்று வளர்ந்த தலைமுறை அது. அதற்குக் காரணமும் உண்டு, வயிறு நிறையாத நாட்களைப் பார்த்தவர்கள் அவர்கள். “பட்டினி போடாதே” என்று அவர் சொன்னது சரி, அதை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். அதை அவரிடமே சொல்லுங்கள். மாலைப் பலகாரப் பொறுப்பை முழுக்க அவர் கையில் கொடுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: போனைக் காட்டி அவனுக்கு ஊட்ட வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை தன் கையால் சாப்பிட்டால்தான் வயிறு போதும் என்று சொல்வது அவனுக்குக் கேட்கும். திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கிறவனுக்கு அது கேட்காது.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல வருடங்களுக்கு முன்பு ஒரு வேலைப் பங்கீடு சொன்னார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. என் அனுபவத்தில் இதைவிட உதவியானது எதுவும் இல்லை. மூன்றாவது தோசை கேட்டால் கொடுங்கள். “வயிறு கேக்குதா, வாய் கேக்குதா?” என்று ஒரு முறை கேட்கலாம், மிரட்டலாக வேண்டாம். அவன் “போதும்” என்றால் “இன்னும் ஒரே வாய்” என்று திணிக்கவும் வேண்டாம். பிஸ்கட், மிக்சர் டப்பாக்களை ஒளித்து வைக்காதீர்கள், வாங்குவதையே நிறுத்துங்கள். ஒளித்தால் தேடுவான். வீட்டில் இல்லை என்றால் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஒரு தின்பண்டம், எல்லோரும் சேர்ந்து, ஒளிவு மறைவு இல்லாமல் சாப்பிடுங்கள்.

விளையாட்டும் தூக்கமும் சுருக்கமாக. நாளுக்கு ஒரு மணி நேரம் உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும். டியூஷன் அதைத் தின்கிறது என்றால் நான்காம் வகுப்புக்கு டியூஷன் அவசியமா என்று யோசியுங்கள், என் பார்வையில் அவசியம் இல்லை. சைக்கிள், கில்லி, நீச்சல் என்று அவனுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி. எடை குறைக்க மைதானத்தைச் சுற்றி ஓட விடுவது மட்டும் வேண்டாம், அது இன்னொரு தண்டனை. பதினொரு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழரை மணி நேரம்தான் ஆகிறது. இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு அடுத்த நாள் பசி அதிகம், இனிப்பு ஆசையும் அதிகம். சாப்பாடு ஏழரைக்கு வந்துவிட்டால் படுக்கையும் ஒன்பதரைக்கு வந்துவிடும். வந்ததும் அப்பா கதவைத் திறந்து பிள்ளைகளுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் எடை மெஷின் இருந்தால் அதைப் பரணில் போடுங்கள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு பிள்ளைகளின் உயரத்தையும் மாதம் ஒரு முறை குறியுங்கள். எடையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பிறந்தநாளுக்குக் கேக் வாங்குங்கள். அவனுக்குப் பிடித்த கேக்காகவே இருக்கட்டும், அரைக் கிலோ போதும். தங்கச்சிக்கு ஒரு துண்டு, அவனுக்கு அதே அளவில் ஒரு துண்டு, உங்களுக்கும் அத்தைக்கும் அப்பாவுக்கும் ஒவ்வொன்று. மிச்சத்தை அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவன் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அவன் தின்னும்போது யாரும் அவன் தட்டைப் பார்க்க வேண்டாம்.